கார்புரேட்டர் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார்: மீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வியின் சாரம் இதுதான். 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி கார், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். எக்ஸாஸ்ட் குழாயில் துளை போட்டு வைட்பேண்ட் (கலவையைப் பரந்த எல்லைக்குள் அளக்கும்) ஆக்ஸிஜன் சென்சார் மாட்டியிருக்கிறார். முதலில் ஐட்லிங்கில் மீட்டர் 13.2 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13.2 பங்கு காற்று) காட்டியது, எஞ்சினும் ஒழுங்காக நின்று ஓடியது. "சரியான கலவை 14.7" என்று எங்கோ படித்துவிட்டு, அந்த எண் வரும்வரை, கலவையைத் திருத்தும் இரண்டு ஜெட் நட்டுகளையும் திருகியிருக்கிறார். இப்போது ஐட்லிங் நடுங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திக்குகிறது, மேட்டில் இழுவையே இல்லை. சென்சார் தப்பா, கார்புரேட்டர் கோளாறா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 14.7 என்ற இலக்குதான் இந்த எஞ்சினுக்குப் பொருந்தாதது.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தப் புள்ளியைத்தான் லாம்டா 1 என்கிறோம். எண் அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், அது ரிச்; மேலே போனால் காற்று அதிகம், அது லீன். புகையைச் சுத்தம் செய்யும் மூவழி கேட்டலிஸ்ட் இந்தப் புள்ளியை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சினை அந்த எல்லைக்குள் கட்டிப்போடுவதற்காக வந்ததுதான் ஆக்ஸிஜன் சென்சார். 1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. உங்கள் வண்டி அதற்குப் பத்து வருடம் மூத்தது. அதில் கேட்டலிஸ்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 14.7-இல் நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு எங்கிருந்து வந்தது?

ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) ஏறக்குறைய மூடியே இருக்கும். சிலிண்டருக்குள் புதுக் கலவையோடு பழைய புகையும் கணிசமாகக் கலந்து கிடக்கும், அதனால் எரிவது மந்தமாகிவிடும். போதாக்குறைக்கு, எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினில் இன்லெட் துளைகள் இரண்டே இரண்டு. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4 சிலிண்டர்களுக்கு ஒன்று. பக்கத்துச் சிலிண்டரோடு பங்குபோட்டுக் குடிப்பதால் நான்குக்கும் கலவை ஒரே அளவில் போய்ச் சேராது. மீட்டரில் தெரிவது நான்கின் சராசரி. சராசரி 14.7 என்றால் ஏதாவது ஒரு சிலிண்டர் 15.5-ஐத் தாண்டி, எரிவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஐட்லிங் நடுக்கம் அதுதான்.

சரி, மேட்டில் இழுவை ஏன் போனது? எஸ்யூவில் ஐட்லிங்குக்குத் தனி ஜெட், ஓட்டத்துக்குத் தனி ஜெட் என்று கிடையாது. ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே ஊசி. நட்டைத் திருகி ஜெட்டை மேலேற்றினால் ஊசிக்கும் ஜெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லா வேகத்திலும் குறைகிறது. ஐட்லிங்கை லீன் செய்வதாக நினைத்து மொத்த வண்டியையும் லீன் செய்துவிட்டீர்கள். வெபர், சோலெக்ஸ் மாதிரிக் கார்புரேட்டராக இருந்தால் ஐடில் ஸ்குரூவைத் திருகுவது மெயின் ஜெட்டைப் பெரிதாகத் தொடாது. எஸ்யூவில் அந்த வசதி இல்லை.

ஆகவே முதல் வேலையாக நட்டுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம்தான் சென்சார்.

சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. எரிந்து முடிந்து வெளியே வரும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது, அல்லது எவ்வளவு குறைபடுகிறது என்பதை மட்டும் பார்த்து, அதிலிருந்து கலவையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. எரிதல் ஒழுங்காக நடந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஒரு ஸ்பார்க் பிளக் கரிபிடித்து மிஸ்ஃபயர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை. முழு ஆக்ஸிஜனும் அப்படியே குழாய்க்கு வருகிறது. எரியாத பெட்ரோலைச் சென்சார் சரிவரக் கணக்கில் எடுப்பதில்லை, ஆக்ஸிஜன்தான் அதற்குப் பெரிதாகத் தெரிகிறது. மீட்டர் "லீன்" என்கிறது. நிஜத்தில் அந்தப் பிளக் கரிபிடித்ததே கலவை ரிச்சாக இருந்ததால்! மீட்டரை நம்பி இன்னும் பெட்ரோலைக் கூட்டினால் அடுத்த பிளக்கும் போகும். மீட்டர் 16, 17 என்று காட்டும்போது கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் தெளிந்து எண்ணும் இறங்கினால் உண்மையிலேயே லீன். எண் அசையாமல் எஞ்சின் இன்னும் மோசமானால் பிளக்கைக் கழற்றுங்கள், நட்டில் கை வைக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் கசிவும் இதே மாதிரி ஏமாற்றும். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் மயிரிழை அளவு கசிவு இருந்தால் புகை வெளியே போவதோடு, அழுத்தம் விட்டுவிட்டு வருவதால் இடைப்பட்ட நேரத்தில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். ஐட்லிங்கில் இந்தப் பிழை பெரிதாக இருக்கும், புகை அதிகமாகப் பாயும்போது சுருங்கிவிடும். ஐட்லிங்கில் நம்பவே முடியாத அளவு லீன், ஓட்டத்தில் ஒழுங்கு என்றால் முதல் சந்தேகம் கசிவின் மேல்தான். ரேஸ் வகை கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின்களில் கசிவே இல்லாமலும் இப்படி நடக்கும். இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம் என்பதால் எரியாத கலவை நேரே எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். அந்த மாதிரி எஞ்சினில் ஐட்லிங் எண்ணுக்கு மதிப்பே கொடுக்காதீர்கள்.

நாரோபேண்ட் (குறுகிய எல்லைக்குள் மட்டும் அளக்கும் பழைய வகைச் சென்சார்) போதுமா என்று கேட்பவர்கள் நிறைய. விலை குறைவு, மல்டிமீட்டரிலேயே படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மட்டும் தரும். 0.45 வோல்ட்டை ஒட்டிய இடத்தில் செங்குத்தாக ஏறி இறங்கும். லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. 0.8 வோல்ட்டுக்கு மேலே வரும் சிறு மாற்றங்கள் கலவையால் வருவதைப் போலவே சென்சாரின் சூட்டாலும் வரும். பழைய எஞ்சினுக்கு நமக்கு வேண்டிய எண்கள் எல்லாம் சரியாக அந்த மங்கலான பகுதியில்தான் கிடக்கின்றன. வைட்பேண்டுக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளவும் இழுக்கவும் ஒரு சிறு பம்ப் செல் இருக்கிறது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதை வைத்து அளப்பதால் 11-இலும் அளக்கும், 16-இலும் அளக்கும். நீங்கள் வாங்கியது சரியான சாமான்தான்.

அதை மாட்டுவதில் சில விஷயம் உண்டு. எம்18, 1.5 மில்லிமீட்டர் மரை கொண்ட வளையத்தை வெல்டிங் செய்து பொருத்த வேண்டும். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒன்று சேர்ந்த பிறகு, சைலன்ஸருக்கு முன்னால். குழாயின் மேல் பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட இடத்தில் இருக்கட்டும். அடியில் வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் சென்சாருக்குள் நிற்கும். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரின் உள்ளே பீங்கான் சுமார் 780 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் விரிசல்தான். அதனாலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு வெகு முன்பே சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து வைக்காதீர்கள். மின்சாரமே கொடுக்காமல் குழாயில் மாட்டி ஓட்டவும் வேண்டாம். சூடேறாத சென்சாரில் கரி படிந்து கெட்டுப்போகும்.

துளை போடாமல் சென்சாரைக் குழாயின் வாயில் பிடித்துவைக்கும் கிளிப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். லோடில் ஓட்டிப் பார்க்க அது உதவும். ஐட்லிங்கில் வெளிக்காற்று வாய் வழியாகத் திரும்பி வருவதால் அங்கே அது காட்டும் எண்ணில் பயனில்லை.

உங்கள் வண்டிக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு, இதைச் சரிபார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். 1966 எம்ஜிபி தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாக வந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். வைட்பேண்ட் கன்ட்ரோலர்கள் நெகட்டிவ் எர்த்தை நம்பிச் செய்யப்பட்டவை. முன்பு வைத்திருந்த யாராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னும் பாசிட்டிவ் எர்த் என்றால், இந்தச் சோதனைக்காகக் காரையே மாற்றப் போகாதீர்கள். எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டர் முதற்கொண்டு சிலவற்றில் கை வைக்க வேண்டிவரும். தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியைப் பக்கத்து சீட்டில் வைத்து, கன்ட்ரோலரை அதில் மட்டும் இணையுங்கள். அந்தப் பேட்டரியின் எந்த முனையும் பாடியைத் தொடக் கூடாது. மீட்டரின் உலோக உறை டேஷ்போர்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் வயர் எதற்கும் அதன் வெளி உறையோடு தொடர்பு இல்லையா என்றும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். டைனமோவுக்குக் கூடுதல் சுமை ஏறாது என்பது இதில் இன்னொரு நன்மை.

டியூனிங் தொடங்குவதற்கு முன் டாப்பெட் இடைவெளி, பாயிண்ட், டைமிங், பிளக் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. எஸ்யூவில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது த்ராட்டில் தகட்டின் அச்சு. இத்தனை வருட ஓட்டத்தில் அது தேய்ந்து, ஓரத்தில் காற்று இழுக்கும். எஞ்சின் ஓடும்போது ஸ்பிண்டிலின் முனையில் கார்புரேட்டர் கிளீனரை லேசாக அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் ஐட்லிங் எண் வெவ்வேறு இடத்தில் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் கலவையைத் திருத்துவது வீண் வேலை.

அடுத்தது ஐட்லிங். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி முதலில் சமன் செய்யுங்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் துளைகள் மூன்று: 1-க்கு ஒன்று, 2-க்கும் 3-க்கும் சேர்த்து ஒன்று, 4-க்கு ஒன்று. முன் கார்புரேட்டர் 1, 2-க்கும் பின் கார்புரேட்டர் 3, 4-க்கும் ஊட்டுகிறது. நடுத்துளையில் இரண்டு கார்புரேட்டரின் புகையும் கலந்துவிடுகிறது. சென்சாரை எங்கே வைத்தாலும் முன்னது ரிச், பின்னது லீன் என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. ஒன்று 12, மற்றது 15 என்றிருந்தாலும் மீட்டர் பார்க்க அழகாக 13.4 என்று ஏதோ காட்டும்.

ஆகவே இரண்டையும் ஒத்துப்போக வைக்கப் பழைய முறைதான். கார்புரேட்டரின் அடியில் உள்ள பின்னை அழுத்தி, கார்புரேட்டருக்குள் ஊசியைத் தாங்கி ஏறி இறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மிக லேசாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் அந்தக் கார்புரேட்டர் ரிச். உடனே விழுந்தால் லீன். ஒரு கணம் சற்றே எழும்பி அடங்கினால் சரி. இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லும்வரை தனித்தனியாகத் திருத்திவிட்டு, அதன் பின் மீட்டரைப் பார்த்து இரண்டு நட்டையும் ஒரே அளவு, ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருகுங்கள். அறுகோண நட்டின் ஒரு முகம் என்பது ஆறில் ஒரு சுற்று. திருகியதும் எண்ணைப் பார்க்க அவசரப்படாதீர்கள். ஐட்லிங்கில் புகை மெதுவாக நகரும், எண் நிலைபெறச் சில வினாடிகள் ஆகும். 13-க்கும் 13.8-க்கும் இடையில், லாம்டாவில் சொன்னால் 0.88 முதல் 0.94 வரை, எந்த இடத்தில் எஞ்சின் மிகவும் அமைதியாக ஓடுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். உங்கள் எஞ்சின் 13.2-இல் நன்றாக நின்றது என்கிறீர்களே, அது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

லாம்டா என்றதும் ஒன்று. முடிந்தால் மீட்டரை லாம்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் முழுதாக எரிய 14.1 அளவு காற்றே போதும். ஆனாலும் பெட்ரோல் கணக்கில் வைத்த மீட்டர் அப்போதும் 14.7 என்றே காட்டும், ஏனென்றால் அது அளப்பது லாம்டாவை. 14.7-ஆல் பெருக்கிக் காட்டுவது வெறும் அலங்காரம். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைத்த பழைய கார்புரேட்டர் இந்தப் பெட்ரோலில் மூன்று நான்கு சதவீதம் லீனாக ஓடும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

ஓட்டத்தில் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்களை எழுதச் சொல்லுங்கள், அல்லது பதிவு செய்யும் கருவி வையுங்கள். சாலையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது நல்லதல்ல. சமதளத்தில் ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போது 14.5 முதல் 15.3 வரை இருக்கலாம். அதற்கு மேல் லீன் செய்து மைலேஜ் தேட வேண்டாம். லீன் கலவை மெதுவாக எரியும், அதற்கு டைமிங் முன்கூட்டியே வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யவில்லை என்றால் எஞ்சின் சூடாவதுதான் மிச்சம். முழு த்ராட்டிலில் 12.5 முதல் 13 வரை, அதாவது லாம்டா 0.85 முதல் 0.88 வரை இருக்க வேண்டும். இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. முழு லோடில் 14.7 என்றால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வரும், எஞ்சின் பிஸ்டனுக்கு ஆபத்து. மீட்டர் 14-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது எண் ஒரு கணம் மேலே தாவுவது சகஜம். எஸ்யூவில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இல்லை. கார்புரேட்டரின் மேலே டேஷ்பாட் என்ற சிறு அறையில் உள்ள எண்ணெய்தான் அதன் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் பிடித்துவைத்து, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலை இழுக்க வைக்கிறது. தாவல் நீண்டு வண்டி திக்கினால் முதலில் அந்த எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் காய்ந்துபோய்த்தான் கிடக்கும். இருந்தும் திக்கினால் சற்றுக் கெட்டியான எண்ணெய் போட்டுப் பாருங்கள்.

ஐட்லிங் சரி, ஆனால் நடுவேகத்தில் லீன் அல்லது முழு த்ராட்டிலில் ரிச் என்று வந்தால் நட்டால் ஒன்றும் ஆகாது, ஊசியைத்தான் மாற்ற வேண்டும். எஸ்யூ ஊசிகளின் விட்டம் ஒவ்வொரு 1/8 அங்குலத்துக்கும் அட்டவணையில் கிடைக்கும். எச்எஸ்4-இன் ஜெட் 0.090 அங்குலம். ஒரு இடத்தில் ஊசி 0.080 அங்குலம் என்று வையுங்கள். அதே இடத்தில் 0.079 உள்ள ஊசியைப் போட்டால் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் சுற்றியுள்ள வளைய இடைவெளியின் பரப்பு 9 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 14.7 இருந்த இடம் 13.4-க்கு வந்துவிடும். உப்புத்தாளை எடுத்து ஊசியைத் தேய்க்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். எந்த வேகத்தில், எந்த லோடில் எவ்வளவு சதவீதம் பிசகுகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, அட்டவணையில் அந்தப் பகுதியில் மட்டும் மெலிந்த அல்லது தடித்த ஊசியைத் தேடுங்கள். இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே ஊசி. ஊசியின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கும்படி பொருத்துங்கள், இல்லாவிட்டால் கணக்கெல்லாம் இடம் மாறிவிடும். ஊசி மாற்றியதும் ஐட்லிங்கை மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுத் துளைக்கு அதே மரை கொண்ட அடைப்புத் திருகைப் போட்டு மூடலாம். மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை தடவுங்கள், அடுத்த தடவை கழற்ற வரும். ஈயம் கலந்த பெட்ரோல், எண்ணெய் குடிக்கும் எஞ்சின், மேனிஃபோல்டில் பூசிய சிலிக்கான் பசை இவை மூன்றும் சென்சாரைக் கெடுக்கும். வெகுநாள் கழித்து மறுபடி மாட்டுவதற்கு முன் அதைத் திறந்த காற்றில் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பாருங்கள், ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் என்று காட்ட வேண்டும்.